சீரிஸ் 7 உயர ஸ்டூல் ரெண்டு வாங்கினன், ஒண்டில சந்தேகம்

ஓர்ஹூஸ்வாசன்
எல்லாருக்கும் வணக்கம். நான் டென்மார்க்கில, ஓர்ஹூஸில இருக்கிறன். மரவேலை தெரிஞ்ச ஆக்கள் இந்தப் பக்கம் இருக்கிறீங்கள் எண்டுதான் இஞ்ச எழுதுறன்.

போன சனிக்கிழமை ஒரு பழைய சாமான் கடைக்குப் போனனான், பிள்ளைக்கு சப்பாத்து பாக்க. சப்பாத்து கிடைக்கேல்லை. மூலையில ரெண்டு உயர ஸ்டூல் நிண்டது. முதுகும் இருக்கையும் ஒரே பலகை, நடுவில இடுப்பு ஒடுங்கினது, குரோம் கால் நாலு, கால் மிதிக்கக் கம்பி. டேனிஷ் கட்டடக்கலைஞர் ஆர்னே யாகொப்சன்ர ஏழாம் இலக்கக் கதிரை, சீரிஸ் 7, தெரியுந்தானே, இஞ்ச சனம் செல்லமா "சூவரன்" எண்டு சொல்லுறது, அதின்ர உயரக்கால் வகை. இந்தக் கதிரை இல்லாத பள்ளிக்கூடமோ நூலகமோ கன்ரீனோ இந்த நாட்டில காண்றது கஷ்டம். ரெண்டுக்கும் சேர்த்து 1,800 குரோனர் எண்டாங்கள். பேரம் பேசாமலே எடுத்துக்கொண்டு வந்திட்டன்.

வீட்ட வந்து பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்தாத்தான் தெரியுது, ரெண்டும் ஒண்டில்லை. ஒண்டின்ர அடிமூடியில இந்தக் கதிரையைச் செய்யிற ஃபிரிட்ஸ் ஹான்சன் கொம்பனியின்ர பேர் பதிஞ்சு கிடக்கு. மற்றதில வெறும் கறுப்பு மூடி, ஒண்டுமில்லை. பேர் இருக்கிற ஸ்டூல்தான் இருக்கேக்க கிறீச்செண்டு சத்தம் போடுது, முதுகின்ர வலப்பக்க ஓரத்தில ரெண்டு அங்குலத்துக்கு வெனியர், அதான் ஒட்டின மெல்லிய மரத்தாள், வாய் பிளந்தும் நிக்குது. பேர் இல்லாதது கல்லு மாதிரி நிக்குது.

பேர் இல்லாதது நகலோ? பிளந்ததை என்ன செய்யலாம்?

சும்மாகுமார்
அண்ணே, தப்பா நினைக்காதீங்க. பிளைவுட் ஸ்டூலுக்கா இவ்வளவு பேச்சு? எங்க ஏரியாவுல டீக்கடைக்காரர் மாமர ஸ்டூல் பதினஞ்சு வருஷமா போட்டிருக்கார், இன்னும் அசையல.

கோட்டுப்படம்
குமார், டீக்கடை ஸ்டூலை நானும் மதிக்கிறேன். ஆனால் இது வேறு கணக்கு. கட்டடக் கலை படித்தவள் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பழைய தினசரி காலண்டர் அட்டை இருந்தால் எடுங்கள். அதை ஒரு பக்கமாக, ஓடு மாதிரி வளையுங்கள். சுலபமாக வளையும். வளைத்த நிலையிலேயே குறுக்கேயும் வளைக்கப் பாருங்கள். முடியாது. எங்கேயாவது மடங்கி நசுங்கும். மரத்தாளும் அப்படித்தான், இன்னும் மோசம். காகிதம் நசுங்கும், மரம் பிளக்கும். இப்போது அதே அட்டையின் நடுவில் இரண்டு பக்கமும் பிறை மாதிரி வெட்டி எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். முதுகு ஒரு பக்கம், இருக்கை ஒரு பக்கம் என்று வளைந்து கொடுக்கும். இந்த நாற்காலியின் இடுப்பு அழகுக்கு வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். பலகை உடையாமல் இருக்க வெட்டி எறிந்த இடம் அது.

இந்த இடத்துக்கு வந்து சேர நிறைய பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பின்லாந்தில் அல்வார் ஆல்டோ 1930களின் தொடக்கத்தில் பைமியோ காசநோய் மருத்துவமனைக்குச் செய்த நாற்காலியில் பலகை அழகாகச் சுருண்டு வரும், ஆனால் ஒரு திசையில் மட்டும். அமெரிக்காவில் சார்லஸ் ஈம்ஸும் ஏரோ சாரினனும் 1940-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் வைத்த போட்டிக்கு முதுகும் இருக்கையும் சேர்ந்த ஒரே ஓடாகப் பலகையை வளைத்துப் பார்த்தார்கள். விரிசல் விட்டது, மேலே துணி போர்த்தி மறைக்க வேண்டியதாயிற்று. போர்க்காலத்தில் ஈம்ஸ் தம்பதி கடற்படைக்கு, முறிந்த காலுக்கு வைக்கும் சிம்பை வளைந்த பலகையில் செய்தார்கள். அதில் பார்த்தால் அங்கங்கே துளையும் பிளவும் இருக்கும். மருத்துவத்துக்கும் கட்டுப் போடவும் மட்டுமல்ல, மரத்தின் இறுக்கத்தை அவிழ்க்கவும் அவை தேவைப்பட்டன. அப்புறம் அவர்கள் செய்த நாற்காலியில் இருக்கை தனி, முதுகு தனி என்று பிரித்தே விட்டார்கள்.

யாகொப்சன் பிரிக்கவில்லை. 1952-இல் நோவோ மருந்து நிறுவனத்தின் உணவுக்கூடத்துக்காக "எறும்பு" நாற்காலி. ஒரே ஓடு, நடுவில் எறும்பு இடுப்பு, மூன்று கால். 1955-இல் அதையே அகலமாக்கி, தோள் விரித்து, நாலு காலில் நிறுத்தியது சீரிஸ் 7. ஐம்பது லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது. உங்கள் ஸ்டூலில் இருப்பது அந்த ஓடுதான். கால் மட்டும் உயரம்.

சும்மாகுமார்
காலண்டர் அட்டையை வெட்டிட்டேன். வேலை செய்யுது. வீட்ல திட்டு வாங்கிட்டேன், இந்த வருஷ காலண்டர்.

ஓர்ஹூஸ்வாசன்
கோட்டுப்படம், நன்றி. யாகொப்சன் எங்களுக்குத் தூரத்து ஆளில்லை. நான் வேலைக்குப் போற பஸ் ஓர்ஹூஸ் நகர மண்டபத்தின்ர முன்னாலதான் நிக்கும். அதை எரிக் மோலரோட சேர்ந்து கட்டினவர் இவர்தான், 1941இல திறந்தது. முதல் வரைபடத்தில கோபுரமே இல்லையாம். நகர மண்டபம் எண்டால் கோபுரம் வேணும் எண்டு சனம் சண்டை பிடிச்சு, பிறகுதான் 60 மீற்றரில மணிக்கூட்டுக் கோபுரம் எழும்பினது. உள்ளுக்க இருக்கிற தளபாடம் கனக்க, பிறகு கதிரை வடிவமைப்பில பெரிய பேரெடுத்த ஹான்ஸ் வேக்னர் இவரிட்ட வேலை செய்யேக்க செய்தது.

எறும்பு கதையும் இதே கதைதான். மூண்டு காலில ஆள் சரிஞ்சு விழும் எண்டு எவ்வளவு பேர் கேட்டும் மனுசன் நாலாவது கால் வைக்க விடேல்லை. 1971இல அவர் செத்த பிறகுதான் நாலு கால் எறும்பு வந்தது.

இன்னொண்டும் சொல்லோணும். யூதக் குடும்பம் அவர். 1943இல ஜெர்மன்காரர் பிடிக்க வரப்போறாங்கள் எண்டு தெரிஞ்சு, இரவோடிரவா சின்ன வள்ளத்தில ஊரசுண்ட் நீரிணையைக் கடந்து சுவீடனுக்குத் தப்பினவர். அங்க ரெண்டு வருசம் துணிக்கும் சுவர்த்தாளுக்கும் பூவும் செடியும் வரைஞ்சு சீவிச்சவர். என்ர மாமா 80களில ஹேர்னிங் பக்கம் வந்து சேந்தவர். அவருக்கு இந்தக் கதையைச் சொன்னனான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு, "வள்ளத்துக்கு எவ்வளவு குடுத்தவராம்?" எண்டு கேட்டார்.

சரி, ஸ்டூலுக்கு வருவம்.

இழைப்புளி
கோயமுத்தூருங்க. முப்பது வருசம் ஆபீஸ் சேருக்கு ஷெல்லு, அதாங்க இந்த ஓடு, போடற பட்டறையில இருந்தவன், அதனால இது நம்ம சப்ஜெக்ட். போட்டோ இல்லாம ஒரிஜினலா டூப்பான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா நீங்களே பாத்துக்கலாம்.

மொதல்ல ஓரத்தை எண்ணுங்க. முதுகு மேல் விளிம்புல நல்ல வெளிச்சத்துல பாத்தா கோடு கோடா அடுக்குத் தெரியும். அந்தக் கம்பெனி ஓட்டுல வெனீர் 9 அடுக்குங்க, நடுவுல பருத்தித் துணியும் ரெண்டு வெச்சு அழுத்துவாங்க. துணி எதுக்குன்னா, வளைவுல வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நெருக்கும். அந்த இழுப்பைத் தாங்கிப் பிடிக்கறதுக்கு. டூப்பு போடறவன் அடுக்கைக் கொறைப்பான், ஒவ்வொண்ணும் தடிமனா வெப்பான். வேலை சீக்கிரம் முடியுமுங்க. தடி வெனீரு இவ்வளவு வளைவுக்கு வராது, அதனால வளைவையும் மழுங்கடிச்சிருப்பான். ரெண்டையும் பக்கவாட்டுல வெச்சு இடுப்புக்கிட்ட பாருங்க, ஒண்ணு கூர்மையா எழும்பும், ஒண்ணு சோம்பேறியா எழும்பும்.

குமார் தம்பி பிளைவுட்டுன்னு சொன்னதுக்கு ஒரு வார்த்தை. கடையில வாங்கற பிளைவுட் தட்டையா அழுத்துனது. இது ஒவ்வொரு தாளுக்கும் பசை தடவி, நார் ஒண்ணுக்கொண்ணு குறுக்கா வர்ற மாதிரி அடுக்கி, ஆணும் பெண்ணுமா ரெண்டு டைக்கு, அதாங்க அச்சுக்கு, நடுவுல வெச்சு ஹாட் பிரஸ்ல நசுக்கறது. டையில ஒரு எடத்துல அழுத்தம் கொறைஞ்சா உள்ள காத்து நிக்கும், அன்னைக்குத் தெரியாது, பத்து வருசம் கழிச்சுத் தட்டுனா டொக்குன்னு சத்தம் வரும். பிரஸ்ஸ விட்டு எடுத்ததும் ஓடு கொஞ்சம் விரியும். எவ்வளவு விரியும்னு முன்னாடியே கணக்குப் பண்ணி டையை அதுக்குத் தகுந்தாப்புல இன்னும் வளைச்சு வெக்கணும். நாங்க ஒரு டையை மூணு தடவை திருத்தி, நாலாவது தடவைதான் ஷெல் கால்ல சரியா உக்காந்துச்சு. மரத்துக்கு இல்லீங்க காசு, அந்த டைக்கு.

இப்பத் திருப்பிப் போட்டு அடியைக் கழட்டுங்க. மேல இருக்கையில ஸ்க்ரூ தலை ஏதும் தெரியுதா? ஒரிஜினல்ல தெரியாது.

லண்டன்மரம்
நகல் பேச்சு வந்ததால் நான் புகுந்து கொள்கிறேன். உலகத்திலேயே அதிகம் பேர் பார்த்த சீரிஸ் 7, சீரிஸ் 7 இல்லை. 1963-இல் பிரிட்டிஷ் அமைச்சர் புரொஃபியூமோவின் பதவியைப் பறித்த விவகாரத்தின்போது, அதில் சிக்கிய மாடல் கிறிஸ்டீன் கீலர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து எடுத்த படம், எடுத்தவர் லூயிஸ் மோர்லி. அந்த நாற்காலி நகல். முதுகில் கைபிடிக்க ஒரு ஓட்டை இருக்கும். அசலில் ஓட்டை கிடையாது. காப்புரிமைக்காரன் கேட்டால் "இது வேற, ஓட்டை இருக்கு பார்" என்று சொல்வதற்கு வெட்டியது. இப்போது அந்த நகல் இங்கே விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நகலுக்கு வந்த மரியாதையைப் பாருங்கள்!

பிரிட்டனில் நகலை சட்டப்படியே விற்றார்கள். தொழிற்சாலைப் பொருளாகச் செய்த வடிவத்துக்கு 25 வருடப் பாதுகாப்புதான் என்று ஒரு பிரிவு இருந்தது. அதை 2016 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். கையிருப்பைத் தள்ளிவிட 2017 ஜனவரி வரை தவணை. நானும் அந்த அவசரத்தில் நாலு வாங்கினேன். இரண்டு இப்போது பரணில். டென்மார்க்கில் வடிவமைத்தவர் இறந்து 70 ஆண்டு என்பது கணக்கு, ஆகவே யாகொப்சனுக்கு 2041 முடியும்வரை. பேர் இல்லாத உங்கள் ஸ்டூல் கடல் தாண்டி வந்ததாக இருக்கலாம்.

ஓர்ஹூஸ்வாசன்
நேற்று இரவு பிள்ளையள் படுத்த பிறகு ரெண்டையும் போர்வை விரிச்சுக் கவுத்துப் போட்டு வேலை பாத்தன்.

பேர் உள்ளது முதல். அடிமூடியை பட்டர் கத்தியால மெல்லக் கெம்பினன், டொப்பெண்டு வந்திட்டுது. உள்ள பாத்தால் ஓட்டின்ர அடியில வட்டமா ஒரு தடிச்ச துண்டு ஒட்டியிருக்கு, ஸ்க்ரூ எல்லாம் அதுக்குள்ளதான் போகுது, இருக்கைப் பலகையைத் தொடவே இல்லை. காலுக்கும் ஓட்டுக்கும் நடுவில நாலு றப்பர் துண்டு. றப்பரோ அது! விரலால அமத்தினால் முட்டைக்கோது மாதிரி நொறுங்குது, ஒண்டு ரெண்டாவே உடைஞ்சிட்டுது. சத்தம் அங்கயிருந்துதான், கால் நேரா மரத்தில உரசுது. ஓரத்தை பூதக்கண்ணாடி வச்சு எண்ணினன். ஒன்பது.

மற்றது. அடுக்கு ஏழு. இடுப்பில வளைவு உண்மையாவே சோம்பல்தான், இழைப்புளி அண்ணை சொன்ன சொல்லு அப்பிடியே. மூடியைக் கழட்டினால் வட்டத் துண்டு இல்லை. ஆறு ஸ்க்ரூ நேரடியா இருக்கைப் பலகைக்குள்ள. நிமித்திப் போட்டு இருக்கையில உள்ளங்கையால தடவினன். கண்ணுக்குத் தெரியேல்லை, கைக்குத் தெரியுது: நடுவில ஒரு இடத்தில அரிசி அளவுக்கு ஒரு மேடு. ஸ்க்ரூ நுனி மேல் வெனியரைத் தள்ளிக்கொண்டு நிக்குது.

இழைப்புளி
அந்த மேட்டுல யாரையும் உக்கார வெக்காதீங்க. கல்லு மாதிரி நிக்குதுன்னு நீங்க சந்தோசப்பட்டீங்கல்ல, அதான் அதோட கோளாறுங்க. ஒரிஜினல்ல சாஞ்சா முதுகு கொஞ்சம் பின்னால போயி திரும்ப வரும், றப்பரும் நசுங்கிக் குடுக்கும். இங்க எதுவும் குடுக்கறதில்ல, அத்தனை பாரமும் ஆறு ஸ்க்ரூ மேல. உயர ஸ்டூல்ல இன்னும் மோசம். கால் மிதிக் கம்பில காலை ஊனி உந்தித்தான் ஆளு ஏறுவாங்க. தாழ்ந்த சேர்ல அந்த உந்தலே கிடையாது. ஒருநாள் ஸ்க்ரூ பலகையோட பிடுங்கிட்டு வரும்.

ஒரிஜினல் பிளந்ததுக்கு: பழசுல உள்ள பசை காஞ்சு கெட்டியாயிருக்கும், அது மேல ஃபெவிகால் சரியாப் பிடிக்காது. அரல்டைட் மாதிரி எபாக்சி, மெதுவா இறுகறது வாங்குங்க, அஞ்சு நிமிசத்துல இறுகறது வேண்டாம். ஹேர் டிரையரால லேசாச் சூடு காட்டுனா பசை தண்ணியா ஓடும். மெல்லிசான பிளேடால உள்ள தள்ளி, ரெண்டு பக்கமும் மெழுகுத்தாள் வெச்சு, வளைவுக்குத் தகுந்த மரக்கட்டை வெச்சு கிளாம்ப் போடுங்க. கட்டை தட்டையா இருந்தா அழுத்தம் நடுவுல விழாது. ஒரு நாள் முழுக்க விட்டுடுங்க. வழிஞ்சதை அப்பவே துடைச்சிருங்க, காஞ்ச பின்னால உப்புத்தாள் எடுத்துட்டு ஓடாதீங்க. மேல் வெனீர் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, நாலு தேய்ப்புல உள் அடுக்கு எட்டிப் பாத்துரும்.

ஓரத்துல பிளந்தது சரி. இடுப்புல குறுக்கால மயிரிழை விரிசல் இருந்துச்சுன்னா ஒட்டாதீங்க, சுவத்துல மாட்டிடுங்க.

மரப்பல்லி
டென்மார்க்கில் ஓக், பீச் சாமான்களுக்கு சோப்புச் சீவல் கரைத்துத் தடவுவார்கள் என்று படித்தேன். மரம் வெளிறிப் பால் மாதிரி அழகாக இருக்குமாம். நீங்களும் போடலாமே?

ஓர்ஹூஸ்வாசன்
மாமி ஒராள் தன்ர மேசைக்குப் போடுறவ, உண்மைதான், வடிவா இருக்கும். ஆனா அது ஒண்டும் பூசாத வெறும் மரத்துக்கு. இதுக்கு மேல லக்கர் பூசியிருக்கு, சோப்பு உள்ள இறங்காது. ஈரத்துணியால துடைச்சாலே காணும்.

சும்மாகுமார்
கிண்டல் பண்ணிட்டு இப்ப ஆசை வந்துருச்சு. எங்க கிச்சன் மேடைக்கு இந்த மாதிரி ஸ்டூல் ரெண்டு, இங்கயே யார்கிட்டயாவது செய்யச் சொல்லலாம்னு. உயரம் எவ்வளவு வைக்கணும்?

கோட்டுப்படம்
முதலில் மேடையை அளங்கள். சீரிஸ் 7-இல் இரண்டு உயரம்: இருக்கை 64 செ.மீ. உள்ளது சமையல் மேடைக்கு, 76 செ.மீ. உள்ளது பாருக்கு. டென்மார்க்கில் சமையல் மேடை 90 செ.மீ. அளவில் இருக்கும், ஆகவே இருக்கைக்கும் மேடைக்கும் நடுவில் 26. தொடை நுழையும், முழங்கை சரியாக மேடையில் அமரும். நம் வீடுகளில் கல் மேடை பெரும்பாலும் 80, 85தான். அதில் 64 வைத்தால் தொடை கல்லின் அடியில் இடிக்கும். மேடை உயரத்திலிருந்து 25 முதல் 30 வரை கழித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் சூத்திரம். மேடைக்கு அடியில் கதவு வைத்த அலமாரி இருந்தால் முழங்கால் எங்கே போகும் என்பதையும் யோசியுங்கள். இதை யோசிக்காமல் ஸ்டூல் வாங்கிவிட்டு ஒருக்களித்து உட்கார்ந்து சாப்பிடும் வீடுகள் எனக்கே பத்து தெரியும்.

வளைத்த பலகைதான் வேண்டும் என்பதில்லை. அதே காலத்து டேனிஷ்காரர் எரிக் பூக் செய்த ஸ்டூல்களைப் பாருங்கள். திண்ணமான தேக்குக் கால், குட்டையான முதுகு, மெத்தை இருக்கை. நல்ல தச்சர் ஒருவரால் கையால் செய்ய முடிகிற பொருள் அது. சீரிஸ் 7-ஐக் கையால் செய்ய முடியாது, பிரஸ் வேண்டும்.

லண்டன்மரம்
ஒரு எதிர்க்கேள்வி. உட்கார வசதியாக, உடையாமல் ஒரு நகல் செய்தால் தப்பா? யாகொப்சனே தன் அலுவலகத்தில் ஈம்ஸ் நாற்காலி வைத்துப் பார்த்தவர் என்பார்கள்.

கோட்டுப்படம்
பார்த்துவிட்டு வேறொன்று செய்தார். ஈம்ஸ் இரண்டாகப் பிரித்ததை இவர் ஒன்றாக்கினார். ஓர்ஹூஸ்வாசன் கையில் உள்ள நகலைச் செய்தவர் ஒன்பதை ஏழாக்கி, அடியிலிருந்த வட்டத்தை எடுத்துவிட்டார். வெளியே தெரிகிற கோடு அத்தனையும் இருக்கிறது, அந்தக் கோடு எதனால் வந்ததோ அது மட்டும் இல்லை. எனக்குக் கோபம் அதில்தான், சட்டத்தில் இல்லை.

லண்டன்மரம்
பரணில் இருக்கும் இரண்டையும் இன்று கவிழ்த்துப் பார்க்கிறேன். பயமாக இருக்கிறது.

ஓர்ஹூஸ்வாசன்
மூண்டு கிழமைக்குப் பிறகு எழுதுறன், மன்னிக்கோணும்.

புது றப்பர் நாலும் தபாலில எடுப்பிச்சன். போட்ட உடன சத்தம் நிண்டிட்டுது. பிளந்த ஓரம் எபாக்சி வச்சு ஒட்டினது. கிளாம்புக்கு வளைஞ்ச கட்டை இல்லாமல், பிள்ளையின்ர பழைய மரச் சறுக்குக்கட்டையை அறுத்தன், அந்த வளைவு அச்சொட்டாப் பொருந்தினது. கிட்ட நிண்டு பாத்தால் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். தெரியட்டும். சாஞ்சால் முதுகு மெல்லப் பின்னால போய் வருது, மகளுக்கு அது பிடிச்சுப் போச்சு, வேணுமெண்டே சாஞ்சு சாஞ்சு படிக்கிறாள்.

பேர் இல்லாததை எறிய மனம் வரேல்லை. யன்னல் பக்கம் வச்சு, மனுசியின்ர கருவேப்பிலைச் சட்டியை அதில ஏத்தி விட்டிருக்கு. இஞ்சத்த பனிக்காலத்தில அதுக்கு வெளிச்சம் அந்த உயரத்திலதான் கிடைக்குது. பாரம் நாலு கிலோ. ஸ்க்ரூ தாங்கும் எண்டு நினைக்கிறன்.

இழைப்புளி
தாங்கும். தண்ணி ஊத்தறப்ப அடியில தட்டு வெச்சுக்குங்க.